மீட்ட ஆமையால் மனிதருக்கு நோய் வருமா?

கழக்கூட்டத்தில் உங்கள் ஃப்ளாட். வேலை மாறி ஊரை விட்டுப் போகும் நண்பர், கண்ணாடித் தொட்டியோடு ஒரு குட்டி ஆமையை உங்களிடம் விட்டுட்டுப் போறார்னு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. என்ன செய்வீங்க?

ஆமைக்கு என்ன வியாதி?

பார்த்தால் ஒண்ணுமே தெரியாது. சிக்கலே அங்கேதான். சால்மோனெல்லா பாக்டீரியா ஆமையின் குடலில் அதற்குத் தொந்தரவு தராமலே வாழும். கழிவோடு வெளியேறி ஓடு, தோல், தொட்டித் தண்ணீர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஆமையைத் தொடாமல், தொட்டி கழுவிய சிங்க்கில் பால்புட்டியைக் கழுவினாலும் போதும், தொற்று வந்துவிடலாம்.

மீட்கப்பட்ட ஆமை என்றால்?

கூடுதல் கவனம் தேவை. கடத்தல்காரர்கள் நட்சத்திர ஆமைகளைத் தண்ணீரோ தீனியோ இல்லாமல் பைகளில் நெருக்கி அடைப்பார்கள். இப்படி அவதிப்படும்போது ஆமை கிருமியை அதிகமாக வெளியேற்றும். ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கும் பரவும்.

மனிதருக்கு என்ன ஆகும்?

6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்று வலி வரலாம். பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். 5 வயதுக்குட்பட்டவர்கள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் விஷயத்தில் கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து உண்டு. 2007இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை இப்படி இறந்தது. குழந்தையிடம் இருந்த அதே வகைக் கிருமி வீட்டு ஆமையிடமும் இருந்தது. 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க அந்த நாடு 1975லேயே தடை போட்டிருந்தது. குழந்தைகள் வாயில் வைக்கும் அளவு அது.

டெஸ்ட் எடுத்து, மருந்து கொடுத்தால்?

ஆமை கிருமியை எப்போதும் வெளியேற்றாது. அதனால் ஒரு முறை ‘நெகட்டிவ்’ வந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் கிருமி முழுசாகப் போகும்னு உறுதியில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் ஆபத்து வேறு.

அப்போ ஏரியில் விட்டுடலாமா?

கூடவே கூடாது. கடைகளில் அதிகம் விற்கும் சிவப்புக்காது ஆமை அமெரிக்க இனம். வெள்ளாயணி ஏரியில் விட்டால் நம்ம ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறிக்கும், நோயையும் கொண்டுபோகும். அதனால்தான் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 2021இல், வளர்ப்பவர்கள் இவற்றை ஒப்படைக்கும்படி கேட்டது. நட்சத்திர ஆமை என்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்: 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

என்னதான் செய்யணும்?

நட்சத்திர ஆமையோ வேறு நாட்டு ஆமையோ கிடைத்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். சிவப்புக்காது ஆமையை எங்கே ஒப்படைப்பது என்றும் அவர்களிடமே கேளுங்கள். ஆட்கள் வரும்வரை காற்றோட்டமான பெட்டியில், சமையலறைக்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சானிடைசர் மட்டும் போதாது. தொட்டித் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், ஆமை இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்கதான் சொல்லணும்.

பயந்து ஆமையை அடித்துவிட வேண்டாம். அதுவும் யாரோ பிடித்துக்கொண்டு வந்ததால்தான் உங்கள் வீடு வரை வந்திருக்கிறது.