சங்கு ஊதினால் போதுமா?

போரை நடத்துவது ராணுவம் என்றே நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். எவ்வளவு தூரம் அடிப்பது, பதிலடியை எத்தனை நாள் தாங்குவது என்று முடிவு செய்வோர், பின்னால் உள்ள ஊர்களின் மனநிலையையும் கணக்கிட்டாக வேண்டும். மக்கள் கலங்கினால் அரசின் கை கட்டப்பட்டுவிடும்.

1942-ல் சென்னையில் இதுதான் நடந்தது. ஏப்ரல் 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலடிக்கு ஓடினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். எதிரிக் கப்பற்படையோ வரவேயில்லை. ஒரு குண்டும் விழாமலே நகரின் பெரும்பகுதி காலியாயிற்று.

1971 டிசம்பரில் கதை வேறு. குஜராத்தில் புஜ் விமானதளத்தின் ஓடுபாதை குண்டுவீச்சில் சேதமடைந்தது. மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் 72 மணி நேரத்தில் அதைச் செப்பனிட்டுத் தந்தனர். விமானப்படையின் கைக்கு வலு சேர்த்தவர்கள் அந்தக் கிராமத்துப் பெண்களே.

2025 மே 7 அதிகாலையில் பாகிஸ்தானிலிருந்த பயங்கரவாத முகாம்களை இந்தியா தாக்கியது. நாடு தழுவிய சிவில் பாதுகாப்பு ஒத்திகைக்கு அதற்கு முன்பே உத்தரவு போயிருந்தது. அன்று மாலை 4 மணிக்குக் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் ஒத்திகை நடந்தது. மே 10-ல் சண்டை நின்றது. அதற்குள் பூஞ்ச் பகுதியில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பொதுமக்கள் பலர் பலியாயினர்.

எல்லை வெகு தொலைவு என்று நாம் இருந்துவிட முடியாது. விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகமும், தும்பா ராக்கெட் தளமும், விழிஞ்ஞம் துறைமுகமும் திருவனந்தபுரத்தில்தான் உள்ளன.

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவரும், ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கிக் கட்டட வேலை செய்பவரும் மலையாள அறிவிப்பை முழுதும் புரிந்துகொள்வார்களா? சங்கு ஏறி இறங்கி ஒலித்தால் அபாயம். ஒரே சீராக ஒலித்தால் அபாயம் நீங்கியது. இதை அறியாத ஒருவர் ஓடினால், அவர் பின்னால் நூறு பேர் ஓடுவார்கள்.

ஆகவே எச்சரிக்கையும் துண்டுப் பிரசுரமும் தமிழிலும் வரவேண்டும். தீயணைப்புத் துறையின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் தொண்டர் படையில் தமிழ் இளைஞர்களும் சேர வேண்டும். நம் சங்கங்கள் விழா நடத்துவதோடு நில்லாமல் இப்பணிக்கும் ஆள் திரட்ட வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே விவேகம். மாவட்ட நிர்வாகம் கவனிக்குமா?