கூண்டில் நிற்பது யார்?

குற்றவியலா? அது காவலர் கற்க வேண்டிய கலையன்றோ! கள்ளனையும் கொலைகாரனையும் பற்றிக் கல்லூரியில் அமர்ந்து படிப்பதால் கண்ட பயன் என்ன? இப்படிக் கேட்போர் காஞ்சியிலே உண்டு, நாடெங்கும் உண்டு. பட்டம் பெற்றால் காக்கிச் சட்டை கிடைக்குமா என்று கணக்குப் பார்ப்போரும் உண்டு. சாகர் பல்கலைக்கழகம் 1959-லேயே இத்துறையைத் தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லையிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்கெனத் தனித் துறைகள் உள்ளன. இருந்தும், இந்தப் படிப்பை ஊர் இலத்திக்கு ஏறும் ஏணியாகவே எண்ணுகிறது. அந்த எண்ணம் தவறு. தவறு மட்டுமல்ல, தீங்கு!

ஏனெனில், குற்றம் எது, குற்றவாளி யார் என்று முடிவு கட்டும் உரிமை எவன் கையில் இருக்கிறதோ, அவனே நாட்டை ஆள்கிறான். இது ஏடுகள் கூறும் உண்மை.

மனுவின் நூல் என்ன சொல்லிற்று? மற்ற வருணத்தானுக்குக் கொலைத் தண்டனை என்றால், அதே குற்றத்துக்குப் பார்ப்பனருக்குத் தலையை மழித்தால் போதும் என்றது. எத்தகைய குற்றம் புரிந்தாலும் அவரைக் கொல்லாதே, பொருளோடு நாடு கடத்து என்றது. அங்கே நிறுக்கப்பட்டது செயலா? இல்லை, பிறப்பு!

வெள்ளையன் வந்தான். 1860-இல் தண்டனைச் சட்டம் இயற்றி, எல்லோருக்கும் ஒரே தண்டனை என்றான். நன்று என்று மகிழ்வதற்குள், 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது! தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் திருடன் என்று பதிவேட்டில் எழுதியது. 1911-இல் விரிவாக்கப்பட்டு, சென்னை மாகாணத்தையும் எட்டியது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920-இல் துப்பாக்கி முழங்கிற்று; பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. மனு பிறப்பைப் பார்த்துத் தண்டனையைக் குறைத்தான். வெள்ளையன் பிறப்பைப் பார்த்துக் குற்றத்தையே சுமத்தினான். வழி வேறு, வஞ்சம் ஒன்றே!

காஞ்சிக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தின் களம் காஞ்சியே. கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகன் புத்த பிக்குவைச் சந்தேகிக்கிறான். வழக்கு மன்றம் போகலாம் என்ற பேச்சு எழும்போது, உடன் வந்த பெண் தயங்குகிறாள். விகாரங்களின் செல்வம் பிக்குவின் கையில் இருக்கிறது, அதைக் கொண்டு அவர் அலுவலர் வாயை அடைப்பார். ஏழையாகிய நாம் என்ன செய்வோம் என்பதே அவளது கவலை. ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன்பு, அரசனே எழுதிய நகைச்சுவை! அதே காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா, ‘நீதிதேவன் மயக்கம்’ என்ற நாடகத்தில் இராவணனை மறு விசாரணைக்கு நிறுத்தி, அவனை இரக்கமற்றவன் எனத் தீர்ப்பளித்தவர்களையே கேள்வி கேட்க வைத்தார். தீர்ப்பையும் விசாரிக்கலாம் என்பதல்லவா அது கற்பித்த பாடம்!

இன்று விசாரிக்க வேண்டியவை நம் தெருவிலேயே உள்ளன.

பட்டுத் தறியைப் பாருங்கள். கோர்வைச் சேலைக்கு நெசவாளி ஒருவர் போதாது. கரைப் பக்கத்து நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் சிறுவனின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை தறியில் கட்டுண்டான். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் கொத்தடிமைகளாய் உழன்ற கொடுமையை 2003-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கை உலகுக்குக் காட்டியது. ஆனால் கொத்தடிமை முறையை ஒழித்த சட்டமோ 1976-லேயே வந்துவிட்டது! மூன்றாண்டு வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம் என்பது அதன் தண்டனை. பணப்பையைத் திருடியவனை ஊரே துரத்திப் பிடிக்கிறது. பிள்ளையின் பள்ளிப் பருவத்தைத் திருடியவனை அதே ஊர் ‘முதலாளி’ என்று கைகூப்பியது. குழந்தை உழைப்புச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில், உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது? இதனை அளந்து சொல்ல ஆய்வாளன் வேண்டாமா?

கோயிலுக்குச் செல்வோம். 2004 செப்டம்பர் 3 அன்று, வரதராசப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே அதன் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். மடத்தின் தலைவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டனர். உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகளாயினர். 2013 நவம்பர் 27 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை பெற்றனர். மெய்ப்பிக்கப்படாத குற்றத்துக்கு எவரையும் தண்டிக்கலாகாது. அது நீதியின் உயிர்நிலை. விடுதலையானோரை நாம் பழிக்கவில்லை. ஆனால் பட்டப்பகலில் ஒருவர் மாண்டார். மாய்த்தவர் யார் என்பதற்கு மன்றத்தின் விடை இல்லை. 83 பேர் ஏன் பிறழ்ந்தனர்? அச்சமா, ஆசையா, காவலர் முதலில் எழுதிக் கொண்டதே பிழையா? சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது 2018-இல். தீர்ப்பு வந்து ஐந்தாண்டு கழிந்தபின்!

இவற்றை ஆராய்வதுதான் குற்றவியல். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதன்று. சமுதாயத்தின் தராசு ஏன் ஒரு பக்கமே சாய்கிறது என்று கண்டறிவது. இதனைக் காவலரிடம் மட்டும் விட்டுவிடுவது, படிக்கல்லைச் சோதிக்கும் வேலையைக் கடைக்காரனிடமே ஒப்படைப்பதாகும்.

அந்தப் பிழையைத் திருத்த, நெசவாளி வீட்டுப் பிள்ளை இத்துறைக்குப் போக வேண்டும். பெருங்காமநல்லூர்ப் பேரர்கள் போக வேண்டும். பல்கலைக்கழகங்கள் தமிழில் பாடநூல் தரவேண்டும். மாணவரை வழக்கு மன்றத்துக்கும் சிறைக்கும் மட்டுமல்ல, தறிக்கூடத்துக்கும் அனுப்பவேண்டும். 2024 சூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ அமர்ந்திருக்கிறது. பெயரே வாயில் நுழையாத சட்டத்தின் பொருளை ஏழைக்கு எடுத்துரைக்கப் போவது யார்?

பிறப்பால் குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவனின் பேரன், ஆய்வேட்டைக் கையிலேந்தி, ‘முத்திரை குத்தியவன் யார்?’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சுவோர்தான் இந்தப் படிப்பு எதற்கு என்கின்றனர்!