நாற்றம் எங்கிருந்து வருகிறது?

2020 ஆகஸ்டில் சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டு அருகே பால் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து, பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த நெடி கண்ணையும் தொண்டையையும் எரித்து உடனே எச்சரித்துவிடும். வீட்டுச் சமையல் எரிவாயு அப்படியல்ல. அதற்கு இயல்பில் மணமே கிடையாது. 1937-இல் அமெரிக்காவின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், மாண்டார்கள். எரிவாயுவில் நாற்றமூட்டும் பொருள் சேர்ப்பது அதன் பிறகே பரவலாகக் கட்டாயமானது.

நாற்றமூட்டிய எரிவாயுவைப் போலவே சாக்கடை வாயுவுக்கும் ஏறத்தாழ அழுகிய முட்டை வாடைதான். புழங்காத குளியலறையின் வடிகாலில் தேங்கிய நீர் வற்றினால் அது மேலேறும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் முதலில் எரிவாயு என்றே கருதுங்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். விளக்கு, மின்விசிறி சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். கசிவைத் தேடத் தீக்குச்சி உரசுவது தற்கொலைக்குச் சமம். லேசான சந்தேகம் என்றால் குழாயிலும் வால்விலும் சோப்பு நுரை தடவினாலே குமிழி காட்டிக்கொடுக்கும்.

திருப்பதியில் ஆண்டு முழுவதும் யாத்திரிகர்களுக்கு உலை வைக்கும் சிறு உணவகங்களிலும் விடுதிகளிலும் இந்த முன்னெச்சரிக்கைகளுக்கான பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் கடமை. கசிவுக்கான அவசர எண் 1906, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. வெளியே வந்த பிறகு அழையுங்கள்.