கச்சான் எழுதப்படாத வரைபடம்

என் பள்ளித் தோழர் ஒருவர் இலண்டனில் கணக்காளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தின் பெரும்பகுதி கோல்ஃப் விளையாட்டிற்கே போய்விடுகிறதென்பது அவருடைய மனைவியாரின் நிரந்தர முறைப்பாடு. சென்ற ஆண்டு ஆவணி மாதம் திருகோணமலைக்கு வந்தவர், உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் தங்கினார். கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தாயிற்று. கோட்டையில் மான்களையும் பார்த்தாயிற்று. மறுநாள் காலை சீனக்குடாவில் விமானப்படையினர் நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் திடலில் ஆடுவதாக ஏற்பாடு.

அன்றிரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மூன்று பொருள்களைப் பரப்பினார். ஒன்று, கைப்பேசியில் செய்மதி எடுத்த படம். இரண்டாவது, எங்கோ ஒரு சுற்றுலா முகவர் கொடுத்த வண்ணத் துண்டுப்பிரசுரம். மூன்றாவது, இலண்டனில் பழம்பொருட் கடையொன்றில் எனக்காக வாங்கி வந்த, எங்கள் துறைமுகத்தின் பழைய பிரித்தானியக் கடற்படை வரைபடத்தின் பிரதி. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன ஒரு வாக்கியமே இப்பத்தியை எழுதத் தூண்டியது: "மச்சான், இந்த மூன்றிலும் கப்பல்காரனுக்குப் போட்ட படந்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றதெல்லாம் எனக்கு ஊரைக் காட்டுகிறது. இது ஒன்றுதான் நான் எங்கே முட்டிக்கொள்வேன் என்று சொல்கிறது."

இதை வாசிப்போரில் பலர் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லையென்பதை அறிவேன். நானும் தொட்டதில்லை. ஆயினும் அறியாத இடத்திற்கு வருபவன் ஒரு வரைபடத்திடம் எதை எதிர்பார்க்கிறான் என்ற கேள்வி கோல்ஃப்காரருக்கு மட்டும் உரியதன்று. அவர்களிடம் அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக இருக்கிறது, அவ்வளவுதான். கிரிக்கெட் ஆடுகளம் எங்கும் இருபத்திரண்டு யார். டென்னிஸ் களத்தின் அளவும் உலகெங்கும் ஒன்றே. கோல்ஃப் திடல்களோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. கொழும்பில் 1879இல் தோன்றிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் திடலை ஊடறுத்து களனிவெளி ரயில்பாதை போகிறது. நுவரெலியாவில் 1889இல் உருவான திடல் நகரின் நடுவிலேயே கிடக்கிறது. கொடைக்கானல் திடலில் காட்டெருமைகள் உலாவுகின்றன. எனவே புதிதாக வருபவன் ஒவ்வொரு முறையும் முதலாம் வகுப்பு மாணவனே.

அவனுக்கு வேண்டியவை என்ன? நண்பர் விரல்விட்டு எண்ணினார். அடிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியாதவை முதலில் வேண்டும்: மேட்டுக்கு அப்பால் ஒளிந்திருக்கும் ஓடை, வளைவுக்குப் பின்னாலுள்ள மணற்குழி. அந்த ஓடையை எட்டுவதற்கு எத்தனை யார், அதைத் தாண்டுவதற்கு எத்தனை யார் என்ற இரண்டு எண்களும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது. குழியைச் சுற்றி மழித்துவிட்டிருக்கும் புல்வெளியைக் கிரீன் என்பர். அதன் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு மூன்றுக்குமான தூரங்கள் வேண்டும். தூரங்கள் யாரிலா மீற்றரிலா என்று எழுதியிருக்க வேண்டும். 150 மீற்றர் என்பது 164 யார். அந்தப் பதினான்கு யார் வேறுபாட்டுக்கு மட்டையையே மாற்ற வேண்டும். தவறி அடித்தாலும் எந்தப் பக்கம் தவறுவது பாதகமில்லை என்பதும் தெரியவேண்டும். ஒரு கிரீனிலிருந்து அடுத்த குழியின் தொடக்கத்திற்கு நடக்கும் பாதை, குடிநீர் இருக்கும் இடம், இடி மின்னல் வந்தால் ஒதுங்கும் கூரை ஆகியவையும் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இந்தப் பகுதியில் பின்னேர இடிமழையைக் கண்டவர்கள் கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

துண்டுப்பிரசுரத்தில் இவற்றுள் எதுவுமில்லை. தென்னைமரமும் படகும் சிரிக்கும் திமிங்கிலமும் இருந்தன. சீனக்குடா இருக்க வேண்டிய இடத்தில் மட்டையோடு நிற்கும் ஒரு மனிதனின் பொம்மை. முந்திய ஆண்டு வேறொரு நாட்டில் இதே பாணியிலான படத்தை நம்பித் தாம் பட்ட பாட்டை நண்பர் விவரித்தார். அந்தப் படத்தில் ஓரத்தில் ஓர் அன்னப்பறவை மட்டுமே வரையப்பட்டிருந்ததாம். அன்னம் இருந்த இடத்தில் ஒரு குளம் இருந்ததென்பதை மூன்று பந்துகளை இழந்த பிறகே கண்டுபிடித்தாராம்.

கோல்ஃப் உலகமே இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் படித்தது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழைய திடலை அளந்து, அலிஸ்டர் மக்கென்சி என்பவர் 1924இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அவர் மருத்துவர்; தென்னாபிரிக்கப் போரிற் பணியாற்றியபோது, போவர் படையினர் நிலத்தோடு நிலமாக மறைந்து போரிட்ட விதத்தைக் கூர்ந்து கவனித்தவர்; முதலாம் உலகப் போரில் உருமறைப்புக் கலையில் ஈடுபட்டவர். மறைப்பதில் வல்லவர், ஒரு திடல் மறைத்து வைத்திருப்பவற்றையெல்லாம் தாளில் வெளிப்படுத்தினார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஆட்டக்காரர்கள் கண்ணாலும், திடலை அறிந்த கேடியின் சொல்லாலும் தூரத்தை மதிப்பிட்டு வந்தனர். 1961இல் அமெரிக்க அமெச்சூர் போட்டி பெபிள் பீச்சில் நடந்தபோது, டீன் பீமன் சொன்ன யோசனைப்படி ஜாக் நிக்லஸ் திடலைக் காலடியால் அளந்து குறித்துக்கொண்டார். அந்தப் போட்டியில் வென்றார். தூரக் குறிப்பேடு இல்லாத தொழில்முறை ஆட்டக்காரரை அதன் பிறகு காண்பது அரிதாயிற்று.

இன்று கைப்பேசி இருக்கிறதே, அச்சிட்ட படம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி தூரம் அளக்கும் கருவியைப் பொதுவாகப் பயன்படுத்தலாம். கிரீனின் நடுப்பகுதி எத்தனை யார் என்பதைக் கருவி சொல்லிவிடும். ஆனால் ஆட்டத்தின்போது காற்றின் வேகத்தைக் கருவி வைத்து அளப்பதை அதே விதிகள் அனுமதிப்பதில்லை. திருகோணமலையில் காற்றை அறியாதவன் தூரத்தை அறிந்து என்ன பயன்?

இந்த இடத்தில்தான் எங்கள் அயலவரான முதிய மீனவர் ஒருவர் உரையாடலில் கலந்துகொண்டார். கோல்ஃப் என்ற சொல்லை அவர் வாழ்நாளில் மூன்று தடவைக்கு மேல் உச்சரித்திருக்கமாட்டார். நண்பர் காட்டிய செய்மதிப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதில் காற்றைக் காணவில்லையே தம்பி" என்றார். பிறகு மேசையில் விரலாற் கோடிட்டு விளக்கினார். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் வீசும். வறண்ட, சூடான காற்று. நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவது. பின்னேரம் கடற்காற்று எழுந்தால் திசை அப்படியே திரும்பிவிடும். காலையில் முதுகில் தள்ளிய காற்று மாலையில் முகத்தில் அறையும். மாரியில் வாடை; அது வேறு கதை. கச்சான் காலத்தில் நிலம் ஓடுபோல் இறுகிக் கிடக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டோடும் என்பதை மீனவர் சொல்லாமலே நண்பர் புரிந்துகொண்டார். மாரி மழைக்குப் பின் அதே நிலம் பந்தை விழுங்கிக்கொள்ளும். ஆகவே ஆவணியின் 150 யாரும் மார்கழியின் 150 யாரும் ஒன்றல்ல. ஒவ்வொரு குழியின் படத்திலும் கச்சானுக்கு ஓர் அம்புக்குறி, வாடைக்கு ஓர் அம்புக்குறி. இதற்குச் செலவு ஒரு சொட்டு மை.

கடற்படை வரைபடம் நண்பருக்குப் பிடித்ததன் காரணம் இப்போது விளங்கும். அதில் அழகு காட்டும் எண்ணமே இல்லை. ஆழம் எவ்வளவு, பாறை எங்கே, கரையில் எந்த அடையாளத்தை நோக்கிக் கப்பலைச் செலுத்தினால் தப்பலாம் என்பவையே அதன் உள்ளடக்கம். வரைந்தவர்கள் ஏகாதிபத்தியத்தின் ஊழியர்கள். எங்களுக்காக அவர்கள் வரையவில்லை. ஆயினும் முன்பின் தெரியாத மாலுமியின் உயிர் தம் கோட்டில் தங்கியிருக்கிறதென்ற பொறுப்பு அந்தத் தாளில் தெரிகிறது. விருந்தாளிக்கு வரையும் படத்திலும் அந்தப் பொறுப்பு இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

எங்கள் மாவட்டத்தில் அது இல்லாமற் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. யுத்த காலத்தில் இங்கு செய்தியாளனாக அலைந்தபோது பையில் வரைபடம் வைத்துக்கொள்வதைத் தவிர்த்தேன். சோதனைச்சாவடியொன்றில் பாடசாலைத் தேசப்படம் ஒன்றுக்காக ஒரு மணிநேரம் விளக்கமளித்த அனுபவம் போதுமாயிருந்தது. படம் என்றால் ஆபத்து என்று ஒரு தலைமுறையே பழகிப்போயிற்று. 2009க்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் நாங்கள் கண்ட நேர்மையான நிலக் குறியீடு, மண்டையோடு வரைந்த சிவப்பு மிதிவெடிப் பலகையே. கால் வைக்கக்கூடாத இடத்தை அது சுற்றிவளைக்காமற் சொன்னது. கோல்ஃப் திடலிலும் சிவப்பு முளை உண்டு. அங்கே பந்து போனால் தண்டனை ஓர் அடி மட்டுமே. 'பங்கர்' என்ற சொல்லைக் கேட்டதும் நண்பர் மணற்குழியை நினைக்கிறார். முற்றத்தில் வெட்டிய குழிக்குள் குழந்தைகளோடு இறங்கியிருந்தவர்கள் வேறொன்றை நினைக்கிறார்கள். இவற்றை அறிந்தவர்கள் வரையும் படம் வெறும் விளம்பரமாக இருக்க நியாயமில்லை.

மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் இழந்து தவித்த ஊரில் செல்வந்தரின் விளையாட்டுக்குப் படம் தேவையா என்று சிலர் கேட்பர். எவ்வளவு நிலம் எதற்கு என்ற விவாதம் வேண்டியதுதான். அதை நான் தவிர்க்கவில்லை. ஆனால் வருகின்றவரை வழிதவற விடுவது அந்த விவாதத்திற்குப் பதிலாகாது. அதோடு, கோல்ஃப்காரருக்குப் பயன்படும் படம் அவருக்கு மட்டும் பயன்படுவதில்லை. துண்டுப்பிரசுரம் எங்கள் மேட்டை 'ஓர்ஸ் ஹில்' என்கிறது, குடாவை 'சைனா பே' என்கிறது. தெருவில் வழி கேட்டால் உவர்மலை, சீனக்குடா என்ற பெயர்களே காதில் விழும். பெயர் இரண்டும் அருகருகே அச்சிடப்பட்டிருந்தால், மட்டைப்பையோடு ஓட்டோவுக்குக் காத்திருக்கும் வெள்ளைக்காரரும் வழி கேட்கலாம். பாட்டியின் வீட்டைத் தேடி ரொறொன்ரோவிலிருந்து வரும் பேரப்பிள்ளையும் கேட்கலாம். படைமுகாமின் நிலத்துக்குள் அமைந்த திடலுக்கு எந்த வாயிலால் போவது, எந்த வேலியைத் தாண்டக்கூடாது என்பவையும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் படமே சொல்லிவிட வேண்டுமென்பதில்லை. கிரீனின் ஒவ்வொரு சரிவையும் அம்புகளால் நிரப்பிய குறிப்பேடுகள் பெருகியபோது, விதி வகுப்போரே 2019இல் அவற்றின் அளவுக்கு எல்லை வைத்தனர்: ஐந்து யார் தூரத்தை எட்டில் மூன்று அங்குலத்துக்கு மேற்படாமலே வரையலாம். கண்ணுக்குத் தெரியும் சரிவை ஆட்டக்காரன் தானே படிக்கட்டும். தெரியாத ஓடையைப் படம் சொல்லட்டும். நல்ல வரையறை.

மறுநாள் மதியம் வெயிலிற் கறுத்துத் திரும்பிய நண்பர், தம் குறிப்பேட்டின் ஒரு தாளைக் கிழித்து என்னிடம் தந்தார். பதினெட்டுச் சிறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு. அருகே நடுங்கும் தமிழெழுத்தில் 'கச்சான்'. நாற்பது ஆண்டு இலண்டன் வாழ்க்கையில் அவர் எழுதிய முதற் தமிழ்ச் சொற்களுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம். அயல் மீனவரிடம் காட்டினேன். ஏழாவது கட்டத்து அம்பைச் சற்றுத் திருப்பிப் போடச் சொன்னார்.