வண்டி அவனுடையது! கணக்கு யாரிடம்?

"உனக்கு நீயே முதலாளி!" அமெரிக்க நாட்டு லாரி ஓட்டுநர்களின் காதிலே கம்பெனிகள் ஓயாமல் ஓதிவரும் மந்திரம் இது. சம்பளத்துக்கு ஏன் ஓட்டுகிறாய், சொந்த வண்டி எடு, விரும்பிய நாளில் ஓடு, வருகிற இலாபம் உனக்கே என்கிறார்கள். கேட்கக் கேட்க இனிக்கிறது! பிறரிடம் கைகட்டி நிற்காமல் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் உழைப்பவன் உள்ளத்திலே இயல்பாக எழுவது. அதைக் குறை கூற நாம் வரவில்லை. அந்த ஆசையையே தூண்டிலில் இரையாக மாட்டி மீன் பிடிக்கிறார்களே, அதைத்தான் எடுத்துக் காட்ட வந்தோம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் தவணைக்கு லாரி எடுத்துத் தவிக்கும் தோழர்களுக்கு, கடல் கடந்த இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

சொந்த லாரி வைத்திருப்பவனுக்கு அங்கே இரண்டு வழிகள் உண்டு. தன் பெயரிலேயே அரசிடம் உரிமம் பெற்று, தானே சரக்குப் பிடித்து, தனியே தொழில் நடத்துவது ஒன்று. உரிமம் உள்ள கம்பெனி ஒன்றுக்கு வண்டியைக் குத்தகையாக விட்டு, அதன் பெயரிலே தானே ஓட்டுவது மற்றொன்று.

தனி வழி எப்படி? 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் உரிமம் எளிதில் கிட்டாத பொருளாக இருந்தது. 1980 ஜூலையில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கதவைத் திறந்தது. இன்று விண்ணப்பக் கட்டணம் 300 டாலர்தான். இவ்வளவுதானா என்று துள்ளி எழ வேண்டாம்! பொதுச் சரக்கு ஏற்றும் பெரிய லாரிக்குக் குறைந்தது 7,50,000 டாலருக்கு விபத்துப் பொறுப்புக் காப்பீடு வேண்டும் என்கிறது சட்டம். பத்து இலட்சத்துக்கு இருந்தால்தான் சரக்குத் தருவோம் என்கிறார்கள் தரகர்கள். முதல் 18 மாதம் புதியவன் மீது அரசின் கண்காணிப்பு. டீசலுக்குப் பணம் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். ஏற்றிய சரக்கின் வாடகையோ முப்பது நாள் கழித்தும் வரும், அதற்கு மேலும் இழுக்கும். பொறுக்க முடியாதவன் தன் பில்லைக் கழிவுக்கு விற்றுக் காசாக்குகிறான். தரகர் 75,000 டாலர் ஈடு கட்டியிருக்கிறார், உண்மை. ஆனால் நூறு பேருக்குப் பாக்கி வைத்து அவர் மறைந்துவிட்டால், அந்தத் தொகையில் ஒருவனுக்கு எவ்வளவு கிடைக்கும்?

குத்தகை வழியில் இந்தத் தலைவலிகளில் பல இல்லை. சரக்கும் பொறுப்புக் காப்பீடும் கம்பெனியின் பாடு. மைலுக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் இத்தனை விழுக்காடு என்று கூலி. அதற்கு விலை? குத்தகைக் காலம் முழுவதும் வண்டி கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று ஒப்பந்தமே எழுத வேண்டும். பிறகு பிடித்தங்கள்: காப்பீட்டுக்கு, டீசலுக்கு, ஈட்டுத் தொகைக்கு! வாரக் கடைசியில் கைக்கு வருவது என்ன என்பதைக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

1973 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து டீசல் விலை ஏறியபோது, அந்த ஓட்டுநர்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பர் மாதம் நெடுஞ்சாலைகளிலே லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். சொந்த வண்டி ஓட்டுநர்களின் சங்கம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் 1979 இல் குத்தகை விதிகள் வந்தன. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிய தாள்களைக் கொடுத்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும். விழுக்காட்டுக் கூலி என்றால் வாடகைப் பில்லின் நகலைக் காட்ட வேண்டும். இன்ன கடையில்தான் பொருள் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. குத்தகை முடிந்து 45 நாளுக்குள் ஈட்டுத் தொகையைக் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு விதியையும் படித்துப் பாருங்கள். ஓட்டுநர் எந்தெந்த வகையில் ஏமாற்றப்பட்டார் என்பதற்கு அதுவே சாட்சி!

இத்துடன் நின்றிருந்தால் கேடு குறைவு. மூன்றாவது வழி ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். லாரி வாங்கப் பணமில்லையா? கம்பெனியே தரும்; வாரந்தோறும் தவணை பிடித்துக்கொள்ளும்; ஓடுவதும் அதே கம்பெனிக்குத்தான். சரக்குத் தருகிறவரும் கடன் கொடுத்தவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒருவரே! சரக்கைக் குறைத்தாலும் தவணை குறையாது. இடையில் விலகினால் வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் 2008 முதல் புகை கக்கும் பழைய லாரிகளை விலக்கத் தொடங்கியபோது, புது வண்டியின் சுமையைப் பல கம்பெனிகள் ஓட்டுநர் தலையிலேயே ஏற்றின. வாரமெல்லாம் ஓட்டியும் கடனாளியாகவே வீடு திரும்பியவர்களின் நிலையை 2017 இல் 'யுஎஸ்ஏ டுடே' நாளேடு வெளிச்சமாக்கியது.

"கையெழுத்துப் போட்டவன் அவன்தானே?" என்று கேட்பார்கள். போட்டான், மறுக்கவில்லை. பசித்தவன் போடும் கையெழுத்தும், பணப்பெட்டி மேல் அமர்ந்தவன் போடும் கையெழுத்தும் ஒரே எடைதானா? 2019 ஜனவரியில் நியூ பிரைம் வழக்கிலே அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனி ஒப்பந்தக்காரர் என்று பெயர் சூட்டப்பட்ட ஓட்டுநரையும் கூட்டாட்சி நடுவர் சட்டத்தைக் காட்டி நீதிமன்ற வாசலில் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2021 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட ஆய்வுக் குழு, கம்பெனிகள் நடத்தும் இந்தக் குத்தகைக் கொள்முதல் திட்டங்களையே தடை செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது.

ஆக, எந்த வழி நல்ல வழி? நம் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்லிவிடுகிறோம். மூன்றாவது வழி, வழியே அல்ல, அது பொறி! முதல் இரண்டில், சில மாதச் செலவுக்குக் கையிருப்பும், நேரே சரக்குத் தரும் வாடிக்கையும் உள்ளவன் தனியே நிற்கலாம். அவை இல்லாதவன், கடன் தீர்ந்த வண்டியை, அல்லது கம்பெனிக்குத் தொடர்பில்லாத இடத்தில் கடன் வாங்கிய வண்டியைக் குத்தகைக்கு விட்டுத் தொழில் பழகட்டும். கையெழுத்திடும் முன் இரண்டு கேள்வி கேட்கட்டும்: நாளைக்கே விலகினால் என் வண்டி என்னோடு வருமா? என் சரக்குக்கு வந்த வாடகை எவ்வளவு என்று எனக்குக் காட்டுவாயா? இரண்டுக்கும் 'ஆம்' என்று தாளிலே எழுதித் தராத இடத்தில் பேனாவைத் திறக்க வேண்டாம்.

நம் நாட்டிலும் செல்பேசிச் செயலியில் வண்டி ஓட்டும் இளைஞனைப் 'பங்காளி' என்றுதான் அழைக்கிறார்கள். பங்காளி என்றால் கணக்கைக் காட்டட்டும்! பட்டம் மட்டும் தந்து கணக்கை மறைப்பவனிடம் தனியொருவன் கேட்டால் விரட்டுவான். சங்கமாகச் சேர்ந்து கேட்டால்தான் ஏட்டைத் திறப்பான். 1973 இன் நெடுஞ்சாலைகள் அதைத்தான் சொல்கின்றன.