குடலிறக்கம் உழைப்பாளிக்கு, கொள்ளை லாபம் கம்பெனிக்கு!

நமது ஆலைகளிலும் வயல்களிலும் ஒரு வியாதி பதுங்கியிருக்கிறது. காய்ச்சலைப் போல அது ஆளைப் படுக்கையில் தள்ளுவதில்லை. இருமலைப் போல ஊருக்குக் கேட்பதும் இல்லை. ஆகவே அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

தொடை இடுக்கில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்து நின்றால் வெளியே வந்துவிடும். வெட்கம் காரணமாக மனைவியிடம்கூட வாய் திறப்பதில்லை. கையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆலைத் தொழிலாளி பஞ்சு பேலைத் தள்ளப் போகிறான். விவசாயத் தொழிலாளி நெல் மூட்டைக்குத் தோள் கொடுக்கப் போகிறான்.

இதுதான் குடலிறக்கம். டாக்டர்கள் இதை ஹெர்னியா என்கிறார்கள். ஏதோ அபூர்வ வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். உலக நாடுகளின் ஹெர்னியா நிபுணர்கள் கூடி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, நூறு ஆண்களில் 27 முதல் 43 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும் என்று கணக்கிடுகிறது. பெண்களில் நூற்றுக்கு 3 முதல் 6 பேர். ஆண்டுதோறும் உலகில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் இதற்கு ஆபரேஷன் நடக்கிறது.

அப்படியானால் நம் ஆட்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் இதைச் சுமந்து திரிகிறார்கள்? "அறியாமை! கத்தி என்றால் பயம்! நாட்டுப்புறத்தான் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவான்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதில் சொல்லும் கனவான்கள் இருக்கிறார்கள். இந்தப் பதில் பொய் என்று நாம் சொல்கிறோம். சும்மா சொல்லவில்லை, வைத்திய விஞ்ஞானம் சமீப ஆண்டுகளில் கண்டறிந்தவற்றையே சாட்சிக்கு அழைக்கிறோம்.

வியாதியின் வேர்

ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது அதன் விதைகள் வயிற்றுக்குள்ளேதான் உண்டாகின்றன. பிறப்பதற்கு முன் அவை அடிவயிற்றுச் சுவரில் உள்ள ஒரு வழியாக இறங்கி விதைப்பைக்கு வருகின்றன. அந்த வழி பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சரியாக மூடுவதில்லை. மூடினாலும் அந்த இடம் என்றைக்கும் பலவீனமானதே. தசையைக் கட்டி நிறுத்தும் நார்ப்பொருளின் தரம் குறைந்த உடம்பில் பலவீனம் இன்னும் அதிகம். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும்போது குடலின் ஒரு மடிப்பு அங்கே வெளியே பிதுங்குகிறது.

இதற்கும் உழைப்புக்கும் சம்பந்தம் உண்டா? டென்மார்க் நாட்டில் பல லட்சம் ஆண்களின் வேலை விவரத்தையும் ஆஸ்பத்திரிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2012-ல் வெளிவந்தது. மேலே சொன்ன பிறவி வழியாக இறங்கும் வகை, தினமும் அதிகச் சுமை தூக்குகிறவர்களுக்கும் நாளெல்லாம் நின்று நடந்து வேலை செய்கிறவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. தசைச்சுவர் நேராகத் தளர்ந்து வரும் மற்றொரு வகைக்கு அந்தத் தொடர்பு காணப்படவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்: எல்லாக் குடலிறக்கத்துக்கும் மூட்டைதான் காரணம் என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. ஆனால் தூக்குகிறவனுக்கும் ஷிப்டு முழுதும் நிற்கிறவனுக்கும் ஆபத்து அதிகம் என்று சொல்கிறது. ஆலையில் நிற்பது யார்? களத்தில் தூக்குவது யார்? விடை நமக்குத் தெரியும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பலருக்குப் பல வருஷம் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாள், வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் இடுக்கில் மாட்டிக்கொள்ளலாம். கழுத்து நெரிபட்டதுபோல அதற்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் போகும். பெண்களுக்கு வருவது குறைவு. ஆனால் தொடைப்பக்கம் இறங்கும் வகை அவர்களிடம் அதிகம், அது இப்படி மாட்டிக்கொள்ளும் அபாயமும் அதிகம். வீக்கம் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தோழர்கள் இதை மனதில் பதிய வைத்துக்கொள்ளட்டும்.

வலை வந்த கதை

1880-களில் இத்தாலிய டாக்டர் பஸ்ஸினி, கிழிந்த சுவரை இழுத்துத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது பெரிய முன்னேற்றம். ஆனால் நைந்த வேட்டியை இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? தையல் போட்ட இடத்தின் ஓரத்திலேயே மறுபடி கிழியும். தசையும் அப்படித்தான். 1980-களில் அமெரிக்க டாக்டர் லிக்டன்ஸ்டைனும் அவரது சகாக்களும் வேறு வழி சொன்னார்கள்: இழுக்காதே, மேலே ஒரு ஒட்டுப் போடு! பிளாஸ்டிக் இழையால் நெய்த ஒரு சிறு வலையைப் பலவீனமான இடத்தில் பரப்பித் தைத்தார்கள். வலையின் கண்களுக்குள் உடம்பின் சதை வளர்ந்து ஊடுருவி, சுவர் உறுதிப்படுகிறது. குடல் மறுபடி இறங்குவது வெகுவாகக் குறைந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே இந்த ஆபரேஷனை முடித்துவிடலாம்.

வியாதி தெரியும், மருந்தும் தெரியும். பிறகு என்ன தடை? வலை சின்னது; விலை பெரியது. உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் வலையைக் கம்பெனி பெட்டியில் அடைத்து முத்திரை குத்தியவுடன் அதன் விலை ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

கொசுவலை சொல்லும் சாட்சியம்

மகாராஷ்டிரத்தில் தோண்டைச்சா என்ற சிற்றூர். அங்கே ஏழை விவசாயிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தோங்காவ்ங்கர் ஒரு கேள்வி கேட்டார்: கம்பெனி வலையும் பிளாஸ்டிக் இழை, கொசுவலையும் பிளாஸ்டிக் இழை, வித்தியாசம் எங்கே இருக்கிறது? அவரும் வேறு சில டாக்டர்களும் பல ஆஸ்பத்திரிகளில் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி உபயோகித்துப் பார்த்து, முடிவை 2003-ல் இந்திய வைத்திய ஏட்டில் வெளியிட்டார்கள். 2006-ல் ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் நைலான் கொசுவலையைக் கம்பெனி வலையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் இதையெல்லாம் "சில்லறை வேலை" என்று தள்ளிவிடலாம். ஆனால் 2016-ல் வந்த முடிவைத் தள்ள முடியாது. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில், அந்நாட்டு டாக்டர்களும் சுவீடன் டாக்டர்களும் சேர்ந்து 302 ஆண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். யாருக்கு எந்த வலை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கம்பெனி வலை. விலை சுமார் 125 டாலர். மறு பாதிக்குக் கொசுவலைத் துணி. விலை சுமார் ஒரு டாலர்!

ஓராண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். கொசுவலை வைத்தவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் குடல் மறுபடி இறங்கியிருந்தது. கம்பெனி வலை வைத்தவர்களில் யாருக்கும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிந்திய தொல்லைகள் கொசுவலைக்காரர்களில் 30.8 சதவிகிதம், கம்பெனி வலைக்காரர்களில் 29.7 சதவிகிதம். அதாவது, பேசத் தகுந்த வித்தியாசம் ஒன்றும் இல்லை. உலகத்தின் முதல் வரிசை வைத்திய ஏடுகளில் ஒன்றான அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஏட்டிலேயே இது அச்சாயிற்று.

"ஏழைக்கு மட்டச் சரக்கா?"

உடனே ஒரு கூச்சல் கேட்கும்: "ஏழை என்றால் கொசுவலையா? மட்டச் சரக்கா?" கேட்பதற்கு நம் பக்கம் பேசுவதுபோல இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது. மட்டச் சரக்கு என்பது விலை குறைந்த சரக்கல்ல. சோதனையில் தோற்ற சரக்கு. இந்த வலை அதே சோதனையில், அதே டாக்டர் கையில், அதே அளவுகோலில் நின்று காட்டியது. நாம் கேட்பது ஏழைக்கு ஒரு வலை, பணக்காரனுக்கு ஒரு வலை என்பதல்ல. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்போது 124 டாலர் எதற்கு என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் தொங்கும் எந்தக் கொசுவலையையும் வெட்டி வைத்துவிடலாம் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. பூச்சி மருந்து தோய்த்த வலை ஆகாது. இழை இன்ன வகை என்று தெரிந்திருக்க வேண்டும். நீராவியில் 121 டிகிரியில் கிருமி நீக்க வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் இழை கெட்டுவிடும். இதெல்லாம் தனி ஒரு டாக்டரின் துணிச்சலுக்கு விட வேண்டிய காரியமல்ல. சர்க்கார் பரிசோதித்து, தயாரித்து, முத்திரையிட்டு, எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப வேண்டிய காரியம்.

"விலையில் சர்க்கார் தலையிட்டால் சரக்கே வராது" என்று பயமுறுத்துவார்கள். இருதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் உச்சவரம்பு கட்டியது. வெறும் உலோக ஸ்டென்ட் ரூ. 7,260, மருந்து பூசியது ரூ. 29,600. விலை 85 சதவிகிதம் வரை இறங்கியது என்று சர்க்காரே அறிவித்தது. சில கம்பெனிகள் தங்கள் உயர்ரகச் சரக்கை வாபஸ் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டன. என்ன ஆயிற்று? இருதய வைத்தியம் நின்றுபோகவில்லை. இருதயத்துக்குச் செய்ததை உழைப்பாளியின் அடிவயிற்றுக்கு ஏன் செய்யக் கூடாது?

புண் ஆறும் விஷயத்திலும் இதே கதைதான்

வலையோடு கதை முடியவில்லை. வயிற்று ஆபரேஷனுக்குப் பின் புண்ணில் சீழ் வைப்பது ஏழை நாடுகளில் பெரிய கொடுமை. கிருமிநாசினி பூசிய உயர்ந்த விலைத் தையல் நூல் இதைத் தடுக்கும் என்றார்கள். இந்தியா உள்பட ஏழு நாடுகளில், 54 ஆஸ்பத்திரிகளில், 5,788 பேரிடம் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: அந்த நூலுக்கும் சாதாரண நூலுக்கும் புண் சீழ்வைப்பதில் வித்தியாசம் இல்லை!

அடுத்து, மறுபடியும் இந்தியா உள்பட ஏழு நாடுகளில், 81 ஆஸ்பத்திரிகளில், பதின்மூவாயிரம் பேரிடம் ஒரு எளிய காரியத்தைச் சோதித்தார்கள். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் டாக்டரும் உதவியாளர்களும் கையுறையை மாற்றி, சுத்தமான கருவிகளை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2022-ல் வந்த முடிவு என்ன? சீழ் வைத்தவர்கள் 18.9 சதவிகிதத்திலிருந்து 16 சதவிகிதமாகக் குறைந்தார்கள். பளபளக்கும் சரக்கு ஜெயிக்கவில்லை. சுத்தமான கை ஜெயித்தது. ஆனால் சுத்தமான கைக்கும் போதிய கையுறை வேண்டும், கருவி வேண்டும், அவற்றைக் கழுவிக் கிருமி நீக்க ஆள் வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்காத சர்க்கார் டாக்டர்மீதும் நர்ஸ்மீதும் பழி போடுவது அநியாயம்.

போகும் கூலிக்கு யார் ஜவாப்தாரி?

"சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம்தானே, ஏன் வருவதில்லை?" என்று கனவான் கடைசியாகக் கேட்பார். இதற்கும் கணக்கிருக்கிறது. உலகெங்கும் ரணசிகிச்சையின் நிலையை ஆராய்ந்த ஒரு நிபுணர் குழு 2015-ல் சொன்னது: ஆபரேஷன் கட்டணத்தால் ஆண்டுதோறும் 3 கோடியே 30 லட்சம் பேர் தாங்க முடியாத செலவில் விழுகிறார்கள், பஸ் சத்தம், சாப்பாடு போன்ற வைத்தியம் அல்லாத செலவுகளால் இன்னும் 4 கோடியே 80 லட்சம் பேர்! ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே ஆகும் செலவுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. இந்தக் கணக்குக்கு மேல் நம் ஆளுக்குக் கூலியும் போகிறது. துணைக்குப் போனவள் கூலியும் போகிறது.

ஈ.எஸ்.ஐ.யில் பதிந்த ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. பதியாத ஒப்பந்தக் கூலிக்கு? விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ.யே கிடையாது. அவன் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். அறியாமையால் அல்ல, அடுப்புக்குப் பயந்தே அவன் துணியை இறுக்கிக் கட்டுகிறான்!

ஆபரேஷனுக்குப் பின் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும் என்ற பழைய பயம் தேவையில்லை. உடம்பு தாங்கும்போது வழக்கமான வேலைக்குத் திரும்பலாம் என்கிறது 2018 வழிகாட்டி. ஆனால் மேஸ்திரிகள் கவனிக்கட்டும்: தாங்குகிறதா என்று சொல்ல வேண்டியது தொழிலாளியின் உடம்பு, மேஸ்திரியின் கைக்கடிகாரம் அல்ல. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் நீடித்த வலி இருக்கும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. அப்படி வலிக்கிறவனை "வேலைக் கள்ளன்" என்று விரட்ட யாருக்கும் உரிமை இல்லை.

நாம் கேட்பது

குடலிறக்க வலையைச் சர்க்கார் நிறுவனமே தயாரித்து எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வழங்க வேண்டும். கம்பெனி வலைக்கு விலை உச்சவரம்பு கட்ட வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இந்த ஆபரேஷன் நடக்க வேண்டும்; கையுறையும் கருவியும் தட்டில்லாமல் இருக்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் ஆபரேஷன் காலத்துக்குக் கூலி ஈடு தர வேண்டும். தூக்கும் சுமைக்கு வரம்பும், தூக்க வண்டியும் வேண்டும்.

தோழர்களே! வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல. வீக்கம் இருந்தால் மறைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள். ஒருவன் மறைத்தால் அது அவன் வியாதி. எல்லோரும் எழுந்து சொன்னால் அது நமது கோரிக்கை!