தொலைந்த தகடும் தொலையாத வாய்மையும்

தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட யாம் மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைக்கக்கூடும். எமக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. துவிச்சக்கர வண்டியே எமது வாகனம். ஆயினும், எம்மிடம் தமிழ் பயின்று, இன்று கனடாவிற் பழைய வண்டிகளைப் புதுக்கும் பட்டறையொன்றிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் எம்மைக் காண வந்தபோது வினாவொன்றை விடுத்தார். "சேர், ஓர் அமெரிக்க வண்டியின் தொழிற்சாலைத் தகடு தொலைந்து போயிற்று. புதிதாக ஒன்று பொறித்துப் பூட்டித் தரும்படி உரிமையாளர் கேட்கிறார். செய்வது பிழையா?" என்பதே அவ்வினா. அன்று யாம் கூறிய விடையை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க நாட்டில் 1960களின் நடுப்பகுதி தொடக்கம் 1970களின் முற்பகுதி வரை 'மசில் கார்' எனப்பட்ட வண்டிகள் பெரிதும் விரும்பப்பட்டன. நடுத்தர அளவான உடலிற் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலைக்கு அவற்றை விற்றனர். 1964ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜீ.ரி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டி என்பர். காப்புறுதிக் கட்டண உயர்வும், புகைக் கட்டுப்பாட்டு விதிகளும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அவற்றின் காலத்தை முடித்துவைத்தன. அன்று இளைஞர் ஓட்டித் தேய்த்த வண்டிகளே இன்று செல்வர் தேடும் அரும்பொருள்களாயின. 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா வகையில் மடக்குக் கூரையுடன் செய்யப்பட்டவை ஏறத்தாழ ஒரு டசினே. அவற்றுள் ஒன்று 2014இல் 35 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதே உடலிற் சிறிய எஞ்சினுடன் பிறந்த வண்டியோ அவ்விலையின் சிறு கூறும் பெறாது. ஆகவே, ஒரு வண்டி எவ்வாறு பிறந்தது என்னும் வினா இன்று பெரும்பணம் சார்ந்த வினாவாயிற்று.

அவ்வினாவுக்கு விடை கூறுவனவற்றுள் தகடும் ஒன்று. கிரைஸ்லர் நிறுவனத்தார் பொனற்றின் கீழே, மட்காட்டின் உட்பக்கத்தில், சிறு தகடொன்றை இரண்டு திருகாணிகளாற் பூட்டினர். எஞ்சின், கியர்ப் பெட்டி, நிறம், இருக்கையின் உறை ஆகிய யாவும் அதிற் குறியெழுத்துகளாகப் பொறிக்கப்பட்டன. கீழ்வரியில் தொடங்கி மேல்நோக்கி அதனை வாசித்தல் வேண்டும். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகரத்திற் பொருத்தினர். போர்ட் நிறுவனத்தார் சாரதியின் கதவிற் பொருத்தினர். வண்டி இலக்கத்தைத் தாங்கிய தகட்டை அகற்றுதலும் மாற்றுதலும் அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகும். யாம் ஈண்டுப் பேசுவது வண்டியின் அமைப்பைக் கூறும் தகட்டைப் பற்றியே.

அது தொலைவது எளிது. வண்ணம் பூசுவோர் கழற்றி வைத்து மறந்துவிடுவர்; மோதுண்ட பகுதியை மாற்றும்போது பழைய இரும்போடு போய்விடும்; துருவும் தின்றுவிடும். சிலவேளை, உண்மையை மறைக்க விரும்பிய ஒருவனே கழற்றி எறிந்திருப்பான். இன்று அச்சொட்டாகப் புதுத் தகடு அடித்துக் கொடுப்பாரும் உளர்.

"சக்கரம் தேய்ந்தாற் புதியது பூட்டுகிறோம்; வண்ணம் மங்கினாற் புதிதாகப் பூசுகிறோம்; தகடு மட்டும் என்ன தனிச்சாதியா?" என்பர் சிலர். ஆம், தனிச்சாதியே. சக்கரம் வேலை செய்யும் உறுப்பு. தகடு சாட்சி சொல்லும் உறுப்பு. புதுச் சக்கரம் எவரையும் ஏமாற்றாது. புதுத் தகடோ, அன்று தொழிற்சாலையில் நின்றவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் ஏற்றுகிறது. உரிமையாளர் நல்லவராகவே இருக்கலாம். அவர் பொறிப்பிப்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வண்டி அவரினும் நீடு வாழும். நாளை அதை வாங்குபவன் அந்தத் தகட்டைத் தொழிற்சாலையின் சொல்லாகவே கொள்வான்.

ஏனைய சான்றுகள் எப்போதும் துணைக்கு வருவதில்லை என்பதையும் கருதுதல் வேண்டும். ஹெமி குடாவின் வண்டி இலக்கத்தில் ஐந்தாவதாக நிற்கும் எழுத்தே எஞ்சினைக் காட்டிவிடும். 1964ஆம் ஆண்டின் ஜீ.ரி.ஓ. அத்தகையதன்று. அவ்வாண்டில் ஜீ.ரி.ஓ. என்பது பொன்ரியாக்கின் வேறொரு வகைமேல் மேலதிகப் பணங்கொடுத்துப் பெறும் சேர்க்கையே ஆதலால், வண்டி இலக்கத்தை மட்டும் நோக்கி இரண்டையும் பிரித்தறிதல் இயலாது. சான்று அருகிய இடத்திலேதான் பொய்ச் சான்றின் தீங்கு பெரிதாகிறது.

எம் மாணவருக்கு யாம் நினைவூட்டியது வகுப்பிற் படித்த புறநானூற்றை. நானூறு பாடல்களில் 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைத்தில. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவ்விடங்களைப் பிறிது பாடல்களால் நிரப்பவில்லை. நிரப்பியிருப்பின், எஞ்சியவற்றையும் இன்று நாம் ஐயத்தோடன்றோ வாசிப்போம்? வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டமையே நிறைந்த இடத்துக்குப் பிணையாயிற்று.

வண்டிக்கும் அதுவே முறை. இரண்டு திருகாணித் துளைகளும் வெறுமையாகவே இருக்கட்டும். தகடு இல்லை என்பதை எழுத்தில் வைத்து, எஞ்சிய சான்றுகளைத் தேடுக. தொழிற்சாலையில் வேலையாட்களுக்கு வழிகாட்டிய கட்டளைத்தாள் இருக்கையின் சுருள்வில்லுகளுக்கிடையே அகப்படுவதுண்டு. 1968 முதல் எஞ்சினிலும் வண்டி இலக்கத்தின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டது. பொன்ரியாக்கின் பழைய பதிவேடுகளின் படிகளும் பெறத்தக்கன. தகடு உள்ள வண்டியைப் புதுக்குவோர், முதலில் அதைப் படம்பிடித்து, திருகாணிகளோடு உறையிலிட்டுப் பேணுக.

வாங்குவோருக்கும் ஒரு சொல். "தகடு இல்லை" என்று வாய்மை பேசியவனின் வண்டிக்கு விலையை அடியோடு குறைத்து, பளபளக்கும் தகடு பூட்டியவனுக்கு அள்ளிக் கொடுப்பவர்களே பொய்த்தகடு அடிப்போனுக்குத் தொழில் கொடுக்கின்றனர். பழி அடிப்பவனுக்கு மட்டும் உரியதன்று.

ஊர் திரும்பிய எம் மாணவர் பின்னர் ஒரு கடிதம் எழுதினார். தகடு செய்ய மறுத்ததனால் உரிமையாளர் வண்டியை வேறொரு பட்டறைக்குக் கொண்டு சென்றாராம். பல மாத வேலை கைநழுவிப் போயிற்றாம். அது குறித்து எமக்கு வருத்தமே. ஆயினும் எமது விடையை மாற்றிக்கொள்ளும் எண்ணம் எமக்கில்லை. தமக்கும் இல்லை என்றே அவரும் எழுதியிருந்தார்.